பழைய ஹார்டு டிஸ்க்கை அப்படியே சொருகாதீர்கள்

வியாசர்பாடி கால்பந்துக் குழு, ராயபுரம் தொழிற்சங்க அலுவலகம், பெரம்பூர் படிப்பகம் என வடசென்னையில் எங்காவது பழைய கம்ப்யூட்டர் மூலையில் கிடந்தால், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நோட்டீஸ், உறுப்பினர் பட்டியல், போட்டிப் படங்கள் எல்லாம் அதில் இருக்கலாம். பலவற்றுக்குக் காகிதப் பிரதியே இருக்காது.

டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் நேராகச் சொருகினால், நீங்கள் எதையும் தொடாமலே கணினி அதில் சிலவற்றை எழுதிவிடும். கோப்புகளின் தேதிகள்கூட மாறலாம். அந்தத் தேதிதான் பின்னால் சான்று. அதனால் தடயவியல் ஆய்வில் பயன்படும் ‘ரைட் பிளாக்கர்’ கருவியை இடையில் மாட்டுங்கள். படிக்க விடும், எழுத விடாது. மூன்றரை அங்குல ஃபிளாப்பி என்றால் ஓரத்துச் சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தித் துளையைத் திறந்து வைத்தாலே போதும்.

அப்புறம், முழு டிஸ்க்கையும் ‘இமேஜ்’ எடுங்கள், அதாவது அதில் உள்ளதை ஒன்றுவிடாமல் அப்படியே ஒரு கோப்பாக நகலெடுங்கள். அதற்கான எஃப்டிகே இமேஜர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அழித்த கோப்புகளின் மிச்சமும் இதில் வரும். அதில் யாருடைய சொந்த விவரமாவது இருக்கலாம், பொதுவில் தருமுன் கட்டாயம் பாருங்கள். நமக்கு இன்னொரு பெரிய லாபம் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கம்ப்யூட்டரின் முதன்மை டிஸ்க்கை இமேஜ் எடுத்தால் எழுத்துருக் கோப்பும் கூடவே வந்துவிடும்.

இமேஜின் எஸ்எச்ஏ-256 மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீட்டை, குறித்து வையுங்கள். ஒரு பிட் மாறினாலும் அது மாறிவிடும். இன்னொரு பிரதி வேறு வீட்டு மாடியில் இருக்கட்டும். 2015 வெள்ளம் நினைவிருக்கிறதல்லவா.

டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தம் போட்டால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.