ஒரே ஏரி, 5 அணி: கூகுள் ஷீட்டில் ஒரு தண்ணீர் விளையாட்டு

நிலத்தடி நீர் பாடத்தைப் பலகையில் எழுதிப் போடுவதைவிட, விளையாட விட்டால் பிள்ளைகளுக்குச் சட்டென்று உறைக்கும். தனி ஆப் எதுவும் தேவையில்லை. கூகுள் ஷீட், கூகுள் ஃபார்ம், 1 முதல் 6 வரை உள்ள ஒரு தாயக்கட்டை போதும்.

சேலத்துப் பக்கம் ஒரே ஏரியைச் சுற்றி 5 கிணறு, 5 அணி. தொடக்க இருப்பு 100 அலகு, அதுவே உச்சமும். சுற்றுக்கு ஒரு அணி 0 முதல் 10 அலகு வரை இறைக்கலாம். அலகுக்கு 1 புள்ளி. இருப்பு 50-க்குக் கீழே போனால் அரைப் புள்ளிதான், ஆழத்திலிருந்து இறைக்கும் செலவு அது. இறைத்த பிறகு மழை: தாயக்கட்டையில் 1, 2 விழுந்தால் 10 அலகு; 3, 4 என்றால் 20; 5, 6 என்றால் 30.

சராசரி மழை 20. ஆளுக்கு 4 எடுத்தால் ஏரி தாங்கும். எல்லாரும் 10 எடுத்தால் 100, 70, 40 என்று இறங்கி, மூன்றாம் சுற்றிலேயே அடிமண் தெரியும். கேட்பது இருப்பைத் தாண்டினால் விகிதப்படி பிரித்துக் கொடுங்கள். இல்லையேல் ஷீட்டில் மைனஸ் தண்ணீர் ஓடும்!

அணிகள் தங்கள் எண்ணை ஃபார்மில் அனுப்பட்டும். ஷீட்டில் பார்வை அனுமதி மட்டும் கொடுங்கள், இல்லையேல் அடுத்த அணியின் எண்ணைத் திருத்திவிடுவார்கள். எத்தனை சுற்று என்பதை மட்டும் சொல்லவே கூடாது; தெரிந்தால் கடைசிச் சுற்றில் வழித்தெடுத்துவிடுவார்கள்.

முதல் ஆட்டம் பேசாமல். இரண்டாவதில் சுற்றுக்கு முன் 2 நிமிடம் பேச்சு. மூன்றாவதில் சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு மாதிரி வரிசை வையுங்கள்: மேட்டு அணி முதலில் எடுக்கும், மிச்சம்தான் கீழே. சண்டை அங்கேதான் சூடு பிடிக்கும்.