வெளிப்பூச்சு: வெடிப்பும் ஒழுகலும் வராமல் பூசுவது எப்படி?

வெளிப்பூச்சில் வரும் கோளாறுகளில் பல, கலவை சுவரில் ஏறும் முன்பே தொடங்கிவிடுகின்றன. அதனால் முதலில் சுவரைப் பாருங்கள்.

செங்கல் இணைப்புகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டியிருக்க வேண்டும். தூண், பீம் போன்ற வழவழப்பான கான்கிரீட்டில் பூச்சு பிடிக்காது; நெருக்கமாகக் கொத்திவிடுங்கள். செங்கலும் கான்கிரீட்டும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை. அவை சேரும் இடத்தில் நேர்கோடாக வெடிப்பு விழுவது இதனால்தான். அங்கே இருபுறமும் 6 அங்குலம் படரும்படி கோழிவலையை ஆணியடித்து இழுத்துக் கட்டுங்கள். தொளதொளவென்று தொங்கும் வலையால் பயனில்லை. பைப்புக்காகச் சுவரை வெட்டிய இடங்களுக்கும் இதே வைத்தியம்தான்.

முந்தின நாள் மாலை சுவரை நன்றாக நனைத்து, பூசும் முன் லேசாகத் தெளித்தால் போதும். காய்ந்த சுவர் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும்; பூச்சு சுவரில் பிடிக்காமல், பிறகு தட்டினால் டொக்கென்று சத்தம் கேட்கும். அப்படிக் கேட்கும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுவதைத் தவிர வேறு வழியில்லை.

மணல் பூச்சுக்கென்றே வரும் பி-சாண்டாக இருக்கட்டும். கட்டுவேலைக்கு வாங்கிய எம்-சாண்ட் சொரசொரப்பானது. கலவை 1:5, அதாவது ஒரு மூட்டை சிமென்டுக்கு ஆறேகால் கன அடி மணல். 20 மி.மீ. கனத்தில் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய ஒன்றரை மூட்டை சிமென்டும் எட்டரை முதல் ஒன்பது கன அடி மணலும் ஆகும். சிமென்டைக் கூட்டினால் பூச்சு உறுதியாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் சுருக்கம் கூடி, மயிரிழை வெடிப்புகள்தான் பெருகும். தண்ணீர் ஊற்றிய கலவையை அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைப்பது கூடவே கூடாது.

மேலிருந்து கீழாக, நிழல் இருக்கும் பக்கமாகப் பூசிவாருங்கள்: காலையில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்கு. தூக்குக்குண்டு பிடித்து ஆறடிக்கு ஒன்றாகப் பூச்சின் கனத்தைக் காட்டும் கலவைப் புள்ளி வைத்த பிறகே பூச்சைத் தொடங்க வேண்டும். முதல் பூச்சு 12 மி.மீ.; ஈரமாக இருக்கும்போதே குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ நனைத்துவிட்டு 8 மி.மீ. இரண்டாம் பூச்சு. 20 மி.மீ. முழுவதையும் ஒரே தடவையில் ஏற்றினால் எடை தாங்காமல் சரியும், அல்லது காய்ந்தபின் வெடிக்கும். மட்டக்கோலால் இழுத்து, மணியாசுக் கட்டையால் (பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் பலகை) தேய்த்தால் போதும். ஈரத்தை இழுக்கச் சிமென்ட் பொடி தூவுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். மேல்தோல் தனியாகச் சுருங்கி, வலைபோல் வெடிப்பு விழும்.

சன்ஷேடின் அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி ஒரு பள்ளக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இல்லாவிட்டால் அடிப்பக்கமாக ஓடி ஜன்னலுக்கு மேல் கறை படியும். சாரம் கட்டிய ஓட்டைகளைக் கடைசியில் வெறும் கலவையால் மூடுவது வழக்கமாகிவிட்டது. பருவமழையில் முதலில் ஒழுகுவதும் அவைதான். உள்ளே செங்கல் துண்டு வைத்து இறுக்கிய பிறகே மேலே பூச வேண்டும்.

மறுநாளிலிருந்து ஏழு நாள், தினமும் இரண்டு மூன்று முறை தண்ணீர் அடியுங்கள். கோடையில் மேற்குச் சுவருக்கு நனைத்த சாக்கு தொங்கவிடுவது நல்லது. பிரைமர் அடிக்க 28 நாளாவது பொறுங்கள். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் கொப்புளித்து உரியும்.