அமெரிக்க மேற்கின் பழைய தபால் உறைகள்: புதிதாகச் சேகரிப்பவர்கள் தவறும் இடங்கள்

போனி எக்ஸ்பிரஸ் குதிரைத் தபால் ஓடியது 1860 ஏப்ரலில் இருந்து 1861 அக்டோபர் வரைதான். ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் மேல். மிசௌரியின் செயின்ட் ஜோசப்பில் இருந்து கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவுக்கு ஏறக்குறைய 1,900 மைல். அதைப் பத்து நாளில் கடந்தார்கள். அந்தக் குதிரைகளில் போய், இன்றும் மிஞ்சியிருப்பதாகத் தெரிந்த உறைகள் சுமார் 250. அவை எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. பலவற்றுக்கு எந்த ஏலத்தில் யாரிடம் போனது என்ற தடமும் இருக்கிறது. இந்த நிலையில் "தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது" என்ற ஒரு வரியோடு இணைய ஏலத்தில் ஒரு போனி எக்ஸ்பிரஸ் உறை சல்லிசாக வந்தால் என்ன நினைப்பது? அமெரிக்க மேற்கின் அஞ்சல் வரலாற்றுக்குள் புதிதாக வருகிறவர்களில் பலர் முதல் பணத்தை விடுவது இங்கேதான்.

விற்பவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்றில்லை. போனி எக்ஸ்பிரஸின் நினைவாகப் பல முறை குதிரை ஓட்டம் நடத்தியிருக்கிறார்கள். 1935இல் சாரணச் சிறுவர்கள் ஓட்டினார்கள். 1960 நூற்றாண்டு விழாவிலும் ஓட்டம் நடந்தது. இப்போதும் ஆண்டுதோறும் நடக்கிறது. அவற்றில் நினைவு உறைகளை உண்மையாகவே குதிரையில் கொண்டு போவார்கள், அழகான முத்திரையும் குத்துவார்கள். வைத்துக்கொள்ள நல்ல பொருள்தான், ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருள் அல்ல. இன்னொரு குழப்பம் 1869இல் அமெரிக்க அரசு வெளியிட்ட 2 சென்ட் தபால்தலை. அதில் குதிரை வீரன் பாய்ந்து போகிறான். அதைப் பார்த்ததும் போனி எக்ஸ்பிரஸ் என்று குதித்துவிடுவார்கள். அந்தக் குதிரைத் தபால் நின்று அப்போது எட்டு வருடம் ஆகிவிட்டது.

போனி எக்ஸ்பிரஸுக்கென்றே தபால்தலைகளும் உண்டு. வெல்ஸ் ஃபார்கோ என்ற தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனி 1861 ஏப்ரலில் 2 டாலருக்குச் சிவப்பும் 4 டாலருக்குப் பச்சையும் வெளியிட்டது. ஜூலையில் கட்டணம் அரை அவுன்ஸுக்கு 1 டாலராக இறங்கியதும் 1 டாலர் தலை வந்தது. இவை கலிஃபோர்னியாவில் இருந்து கிழக்கே போகும் கடிதங்களுக்கானவை. ஆகவே 1860 தேதியோடு இந்தத் தலை ஒட்டிய உறை வந்தால், மேலே ஆராய ஒன்றும் இல்லை. இந்தத் தலைகளின் படத்தை அச்சிட்ட நகல்களும் ஏராளம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஆரம்பிக்கிறவர்கள் போனி எக்ஸ்பிரஸை மறந்துவிடுவது நல்லது. விலை எட்டாது, எட்டினால் சந்தேகப்பட வேண்டும். இந்தத் துறையின் சுவையெல்லாம் சாதாரணக் கடிதங்களில் இருக்கிறது. எந்த ஊரில் இருந்து, எந்த வழியாக, என்ன கட்டணத்தில், எத்தனை நாளில் போனது என்று ஒரு உறையையே படித்துவிட முடிகிற இடம் இது. அப்படிப் படிக்காமல் தபால்தலையை மட்டும் பார்த்து வாங்குவதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர்.

முதலில் கட்டணத்தைப் பாருங்கள். 1847 சட்டப்படி பசிபிக் கரைக்கும் கிழக்குக்கும் இடையே அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 40 சென்ட். தங்கம் தேடிப் போனவர்கள் 1849, 1850இல் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெரும்பாலும் தபால்தலையே இருக்காது. சான் ஃபிரான்சிஸ்கோ முத்திரையும் பக்கத்தில் 40 என்ற எண்ணும் மட்டும் இருக்கும். 1851 ஜூலை 1 முதல், முன்பணம் கட்டினால் 3,000 மைலுக்குள் 3 சென்ட், அதற்கு மேல் 6 சென்ட். கட்டாமல் அனுப்பினால் வாங்குபவர் 5 அல்லது 10 சென்ட் கொடுக்க வேண்டும். 1855 ஏப்ரல் 1 முதல் முன்பணம் கட்டாயம், 3,000 மைலுக்கு மேல் 10 சென்ட். அந்தக் கட்டணத்துக்காகவே அந்த வருடம் பச்சை நிற 10 சென்ட் தலை வந்தது. 1856 ஜனவரியில் இருந்து தபால்தலையோ அரசின் முத்திரையிட்ட உறையோ (தலை உறையிலேயே அச்சானது) கட்டாயம். 1863 ஜூலை 1இல் தூரக் கணக்கே போய், நாடு முழுக்க 3 சென்ட்.

இந்தச் சில தேதிகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டால் பாதிப் போலிகள் தானாக உதிர்ந்துவிடும். 1857இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்து பாஸ்டனுக்குப் போன உறையில் ஒற்றை 3 சென்ட் தலை மட்டும் இருந்தால் ஏதோ சரியில்லை: ஒரு தலை உதிர்ந்திருக்கலாம், அல்லது யாரோ வேறு தலையை ஒட்டியிருக்கலாம். அதே வருடம் சால்ட் லேக் சிட்டியில் இருந்து நியூயார்க்குக்கு 3 சென்ட் என்றால் சரி, ஏனென்றால் தூரம் 3,000 மைலுக்குள்தான். தபால்தலை இல்லாத உறை என்றால் மதிப்பில்லை என்று ஒதுக்குவது இதன் மறுபக்கத் தவறு. 1856க்கு முன்னால் அது இயல்பு.

கட்டண விதியை இரும்பாகப் பிடித்துக்கொண்டாலும் வம்புதான். உள்நாட்டுப் போர் தொடங்கியதும், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களில் மாட்டிக்கொண்ட தலை இருப்புகள் பயன்படக் கூடாது என்பதற்காக 1861இல் அரசு பழைய தபால்தலைகளைச் செல்லாதவை ஆக்கிப் புதியவற்றை வெளியிட்டது. கிழக்கு நகரங்களில் அது சீக்கிரம் அமலுக்கு வந்தது. தொலைவில் இருந்த மேற்கு அலுவலகங்களுக்குப் புதுத் தலைகள் போய்ச் சேரவே நாளானது. அதுவரை பழையதையே ஏற்றுக்கொண்டார்கள். எனவே பழைய தலை ஒட்டிய தாமதமான மேற்கத்திய உறையை உடனே போலி என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நல்ல பொருளாக இருக்கலாம்.

அடுத்தது வழி. 1858 செப்டம்பரில் பட்டர்ஃபீல்டின் ஓவர்லேண்ட் மெயில் என்ற தரைவழிக் கோச்சு வண்டித் தபால் தொடங்கியது. செயின்ட் லூயிஸ், மெம்ஃபிஸ் இரண்டு இடங்களில் இருந்தும் கிளம்பி, ஃபோர்ட் ஸ்மித்தில் சேர்ந்து, எல் பாசோ, டூசான், யூமா, லாஸ் ஏஞ்சலஸ் வழியாக சான் ஃபிரான்சிஸ்கோ. சுமார் 2,800 மைல், வாரம் இரண்டு முறை, ஒப்பந்தப்படி 25 நாள். பெயருக்கு இருக்கும் கவர்ச்சியால், அந்தக் காலத்துக் கலிஃபோர்னியா உறை எதையும் "பட்டர்ஃபீல்ட்" என்று போட்டு விற்பவர்கள் உண்டு. ஆனால் முதல் ஒரு வருடத்துக்கு மேலாகக் கடிதங்கள் பழக்கப்படி பனாமா வழியாகக் கப்பலில்தான் போயின. தரை வழியாகப் போக வேண்டுமென்றால் அனுப்புபவர் உறை மேலேயே "ஓவர்லேண்ட்" என்று எழுத வேண்டும். 1859 டிசம்பரில்தான் தபால்துறை இதைத் தலைகீழாக்கியது. 1859 கோடையில் போன, மேலே ஒன்றும் எழுதாத உறைக்கு பட்டர்ஃபீல்ட் விலை கொடுத்தால், கப்பலில் போன கடிதத்துக்குக் கோச்சு வண்டிக் காசு கொடுத்ததாக ஆகும். 1861 வசந்தத்தில் போர் காரணமாகத் தென்வழி மூடப்பட்டு, இந்தச் சேவை சால்ட் லேக் வழியான நடுப்பாதைக்கு மாறியது. அதற்குப் பிந்தைய உறையை டூசான் வழியாக வந்தது என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

கப்பல் தபாலுக்கு ஒரு வசதி உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்து கப்பல்கள் மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் கிளம்பின, முத்திரைத் தேதியும் பெரும்பாலும் அதோடு ஒத்துப்போகும். நிகராகுவா வழியாகப் போன போட்டிக் கப்பல்களின் கடிதங்களில் "தபாலுக்கு முன்பே" போகிறது என்று பெருமையடிக்கும் தனியார் முத்திரைகளைப் பார்க்கலாம். அவை எனக்கு மிகவும் பிடித்தவை, அரசுத் தபாலையே கிண்டல் செய்வதுபோல இருக்கும்.

தேதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அக்காலத்து ஊர் முத்திரைகள் பலவற்றில் நாளும் மாதமும் இருக்கும், வருடம் இருக்காது. விற்பவர் எழுதியிருக்கும் வருடம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். உள்ளே கடிதம் இருந்து அதில் எழுதியிருந்தால் சரி. கடிதத்தைப் பெற்றவர் ஓரத்தில் பெறுதல் குறிப்பு எழுதியிருந்தாலும் சரி. வேறு ஆதாரம் இல்லாவிட்டால் அது ஊகம்தான். இதனால்தான் உள்ளே இருக்கும் கடிதத்தைத் தனியாகப் பிரித்து விற்பதும், பின்பக்கத்தில் பழைய சேகரிப்பாளர்கள் பென்சிலில் எழுதிய குறிப்பை "சுத்தம்" என்று அழிப்பதும் பெரிய பாவம்.

பிரதேசப் பெயர்களில்தான் அனுபவம் உள்ளவர்களும் சறுக்குகிறார்கள். பிரதேசம் (டெரிட்டரி) என்றால் இன்னும் மாநிலமாகாத பகுதி. மேற்கில் ஊர் அப்படியே இருக்கும், அதைச் சுற்றியுள்ள எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். ஃபோர்ட் லாராமி கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1854இல் நெப்ராஸ்கா பிரதேசம், 1863இல் ஐடஹோ, 1864இல் டகோட்டா, 1868இல் வயோமிங். கோட்டை ஓர் அடி நகரவில்லை. டென்வர் முதலில் கான்சஸ் பிரதேசத்தில் இருந்தது, அதனால் ஆரம்ப முத்திரைகளில் "டென்வர் சிட்டி, கே.டி." என்று வரும். இடையில் அங்கிருந்தவர்கள் ஜெஃபர்சன் பிரதேசம் என்று தாங்களே அறிவித்துக்கொண்டார்கள், வாஷிங்டன் ஏற்கவில்லை. 1861 பிப்ரவரியில் கொலராடோ பிரதேசம் வந்தது. வந்த மறுநாளே எல்லா அலுவலகத்திலும் புது முத்திரைக்கட்டை வந்துவிடவில்லை. பழைய எழுத்தோடு புதிய காலத்து உறை வந்தால் அது தவறு என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. ஆனால் கொலராடோ என்று முத்திரை குத்திய உறைக்கு 1860 என்று யாராவது தேதி போட்டால், அது நிச்சயம் தவறு.

சுருக்கெழுத்துகள் இன்னும் மோசம். "என்.டி." என்றால் நெப்ராஸ்காவா நெவாடாவா? "டபிள்யூ.டி." வாஷிங்டனா வயோமிங்கா? "எம்.டி." மினசோட்டாவா மொன்டானாவா? "ஐ.டி." என்பதற்கு அயோவா, ஐடஹோ, இந்தியன் டெரிட்டரி என்று மூன்று உரிமையாளர்கள். வர்ஜீனியா சிட்டி என்ற பெயரில் இரண்டு புகழ்பெற்ற சுரங்க ஊர்கள் உண்டு. நெவாடாவில் இருப்பது முதலில் யூட்டா பிரதேசம், 1861 மார்ச்சில் நெவாடா பிரதேசம், 1864 அக்டோபர் 31 முதல் நெவாடா மாநிலம். மொன்டானாவில் இருப்பது 1864 மே மாதம் வரை ஐடஹோ பிரதேசம். ஒன்றின் முத்திரையை மற்றொன்றின் விலைக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். எப்போதும் மலிவானது விலை உயர்ந்ததாகத்தான் மாறும், எதிர்ப்பக்கம் நடப்பதில்லை! இதற்கு மருந்து அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் போஸ்ட் மாஸ்டர் நியமனப் பதிவேடுகள். எந்த ஊரில் எப்போது தபால் நிலையம் திறந்தது, யார் நடத்தினார், எப்போது மூடியது என்று தெரியும். பெரிய தொகை கொடுக்கும் முன் அதைப் பார்க்காமல் இருக்காதீர்கள்.

சின்ன ஊர்களின் விஷயத்தில் நேர்மாறான தவறு நடக்கிறது. முத்திரைக்கட்டை இல்லாத அலுவலகங்கள் ஊர்ப் பெயரையும் தேதியையும் பேனாவால் எழுதித் தள்ளின. பார்க்க அழகில்லை என்று பலர் தாண்டிப் போகிறார்கள். சில மாதங்களே இருந்த சுரங்க முகாமின் ஒரே தடயம் அந்தக் கிறுக்கலாக இருக்கலாம். டூம்ஸ்டோன், டெட்வுட் போன்ற புகழ்பெற்ற சுரங்க ஊர்களின் உறைக்கு நீங்கள் கொடுப்பதில் பெரும் பகுதி பெயருக்கு. அவை மக்கள் நெருக்கிக் குடியேறிய ஊர்கள், அங்கிருந்து கடிதங்களும் நிறையப் போயின.

வெல்ஸ் ஃபார்கோ உறைகளிலும் இதே கதை. தனியார் கம்பெனி கடிதத்தைக் கொண்டு போனாலும் அரசுக்குத் தபால் கட்டணம் சேர வேண்டும் என்பது சட்டம். அதனால் எக்ஸ்பிரஸ் கம்பெனிகள் அரசு முத்திரையிட்ட உறைகளிலேயே தங்கள் பெயரை அச்சடித்து விற்றன. வெல்ஸ் ஃபார்கோ இதை 1895 வரை செய்தது. எண்ணிக்கை ஏராளம், பயன்படுத்தாத உறைகள் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. அந்த அச்சுக்கு விலை கொடுக்க வேண்டாம். மேலே விழுந்திருக்கும் சின்ன ஊர் முத்திரைக்குக் கொடுங்கள். ஆடம்ஸ் அண்ட் கோ என்ற பெயரிலும் கவனம் வேண்டும்: கலிஃபோர்னியாவில் இருந்த அந்த நிறுவனம் 1855 பிப்ரவரியில் கவிழ்ந்துவிட்டது. கிழக்கில் ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் என்ற வேறொரு கம்பெனி தொடர்ந்து ஓடியது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து விற்பதைக் காணலாம்.

பாதுகாப்பு பற்றி நீட்ட வேண்டியதில்லை. பிவிசி கவர்கள் வேண்டாம், பாலியஸ்டர் உறைகள் போதும். செலோடேப் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது. தலையை நனைத்துப் பிரிப்பது தபால்தலை சேகரிப்பவர் பழக்கம்; இங்கே அது உறையைக் கொல்வது. ஓரம் கிழிந்திருந்தாலும் பழுது பார்க்காதீர்கள். 1860இல் களவு போன போனி எக்ஸ்பிரஸ் பையில் இருந்து மீட்கப்பட்டு 1862இல் நியூயார்க் வந்து சேர்ந்த உறையில், திருடப்பட்டு மீட்கப்பட்டது என்ற குறிப்பு கையால் எழுதப்பட்டிருக்கிறது. நல்ல நிலை என்று மட்டும் பார்த்தால் அதைக் கழித்துக்கட்டியிருப்போம்.

கடைசியாகச் சான்றிதழ். நியூயார்க்கின் ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷன், அமெரிக்கன் ஃபிலாட்டலிக் சொசைட்டியின் நிபுணர் குழு ஆகியவை கட்டணம் வாங்கிப் பொருளைப் பார்த்துச் சொல்கின்றன. வெஸ்டர்ன் கவர் சொசைட்டியில் இதே பைத்தியம் பிடித்தவர்கள் பலர், கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள். சான்றிதழைக் காட்டினால் அதன் தேதியைப் பாருங்கள். பழைய தீர்ப்புகள் பின்னர் மாறியிருக்கின்றன. எழுதியிருப்பதையும் முழுதாகப் படியுங்கள். "உறை உண்மையானது, தலை பின்னர் ஒட்டப்பட்டது" என்ற சான்றிதழின் முதல் பாதியை மட்டும் விளம்பரத்தில் போடும் விற்பனையாளர்கள் உண்டு. விலை கொஞ்சம் பெரிதாக இருந்தால், நிபுணர் கருத்து வரும்வரை திருப்பித் தரும் உரிமையை ஏலம் கேட்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏலம் முடிந்த பிறகு கேட்டால் பெரும்பாலான ஏல நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளாது.