ஜப்பானியப் பேய்க்கதை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூந்தலை முகத்தில் சரியவிட்டு, வெள்ளைப் புடவைக்குப் பதில் வெள்ளைக் கிமோனோவைச் சுற்றிவிட்டால் ஜப்பானியப் பேய் தயார் என்று நம் கதைசொல்லிகளில் பலர் நினைக்கிறார்கள். ஜப்பானில் பேயின் கூந்தலுக்கு ஒரு முறை உண்டு, சாபத்துக்கு ஒரு முறை உண்டு, ஊர்ச் சடங்குக்கு வேறொரு முறை உண்டு. அவை தெரியாமல் எழுதினால் ஜப்பானியப் பெயர் சூட்டிய மோகினிக் கதைதான் மிஞ்சும்.

விரிந்த கூந்தல் என்றாலே பேய் என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள். ஹெயான் காலத்தில் (794–1185) அரண்மனைப் பெண்கள் கூந்தலைக் கட்டாமல் நீளமாகத் தொங்கவிட்டார்கள். அது அழகின் அடையாளம். அந்தக் காலத்துக் கதையில் ஒரு பெண் கூந்தலை விரித்தபடி வந்தால் யாரும் மிரள மாட்டார்கள். எடோ காலத்தில் (1603–1868) நிலைமை வேறு. மெழுகெண்ணெய் தடவித் தூக்கி வாரி, கொண்டை போட்டு, சீப்பும் செருகிக்கொள்ளாமல் கௌரவமான குடும்பத்துப் பெண் வெளியே தலைகாட்ட மாட்டாள். கூந்தல் அவிழ்ந்திருக்கிறது என்றால் அவள் உறங்கப் போகிறாள், நோயில் கிடக்கிறாள், இல்லையென்றால் செத்துப்போய்விட்டாள். தலைவிரி கோலம் என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இந்த முறையை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டவர் சுருயா நம்போக்கு. 1825-இல் எடோ நகரின் நகமுரா அரங்கில் மேடையேறிய அவருடைய 'யோட்சுயா கைதான்' என்ற கபுகி நாடகத்தில், பிள்ளை பெற்று உடல் தேறாமல் கிடக்கும் ஒயிவாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மருந்து என்று சொல்லி விஷம் கொடுத்தனுப்புகிறார்கள். முகம் வெந்து வீங்குகிறது. கண்ணாடியைப் பார்த்தபின் அவள் செய்வதுதான் விசேஷம். அலறிக்கொண்டு பழிவாங்க ஓடவில்லை. அந்த வீட்டுக்குப் போய் நேருக்கு நேர் பேச வேண்டும், போகும்போது ஒரு குடும்பப் பெண்ணாகப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறாள். அந்தக் கால வழக்கப்படி பல்லுக்குக் கறுப்புச் சாயம் பூசுகிறாள். தாயின் நினைவாக வைத்திருந்த சீப்பை எடுத்துத் தலைவாரத் தொடங்குகிறாள். வார வார முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது. உதிர்ந்த முடியைப் பிழிந்தால் ரத்தம் சொட்டுகிறது. இத்தனையும் நடக்கும்போது அவள் உயிரோடுதான் இருக்கிறாள், பேயாக வருவது பிறகுதான். மரியாதையோடு வெளியே போக நினைத்த பெண்ணுக்கு அந்தச் சீப்பே எமனாகிறது என்பதில்தான் காட்சியின் கொடூரம் இருக்கிறது. முடியை நீளமாக வளர்த்துவிட்டால் மட்டும் இது வந்துவிடாது.

அடுத்த குழப்பம் சாபத்தில். செத்தவரின் வன்மத்தையும் உயிரோடிருப்பவர் வைக்கும் சூனியத்தையும் ஒரே கணக்கில் எழுதுகிறார்கள். வைக்கோல் பொம்மையை மரத்தில் வைத்து நீண்ட ஆணி அறைவது பேயின் வேலையே அல்ல, மனிதருடைய வேலை. நள்ளிரவு தாண்டி ஒன்று முதல் மூன்று மணிவரை உள்ள எருது நாழிகையில், வெள்ளை உடுத்தி, தலையில் அடுப்பு முக்காலியைக் கவிழ்த்து அதன் கால்களில் மெழுகுவத்தி ஏற்றி, ஏழு இரவு தொடர்ந்து கோயிலுக்குப் போக வேண்டும். யார் கண்ணிலாவது பட்டால் பலிக்காது. இந்தக் கடைசி விதியை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கதைக்கு வேண்டிய பதற்றம் முழுவதும் அதில்தானே இருக்கிறது!

இந்தச் சடங்கோடு சேர்த்துப் பேசப்படும் கியோட்டோவின் கிஃபுனே கோயிலைச் சூனியக் கோயிலாகச் சித்திரிப்பதும் பிழை. எருது ஆண்டு, எருது மாதம், எருது நாள், எருது நாழிகையில் தெய்வம் அங்கே இறங்கியது என்பது தலபுராணம். ஆகவே அந்த வேளை வேண்டுதல் பலிக்கும் நல்ல வேளையாகத்தான் முதலில் இருந்தது. பொறாமைத் தீயில் வெந்த ஒரு பெண் அக்கோயிலில் வேண்டிக்கொண்டு, கூந்தலை ஐந்தாகப் பிரித்துக் கொம்புபோல் முறுக்கி அரக்கியானாள் என்ற கதை பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அந்த மரபில் எழுந்த 'கனவா' என்ற நாடகத்தில் ('நோ' எனப்படும் பழைய முகமூடி நாடக வகை), அரக்கி பழிவாங்கும் காட்சியில் அவளைக் கைவிட்ட கணவனும் அவன் புது மனைவியும் அவர்களாக வருவதில்லை. ஒரு பூசைப் பீடத்தின்மேல் அவனுக்குப் பதில் ஒரு தொப்பி, அவளுக்குப் பதில் ஒரு கற்றை முடி. அரக்கி அந்த முடியைக் கையில் சுற்றிப் பிடித்து அடிக்கிறாள். கதைப்படி அந்தப் பதில் உருவங்களைச் செய்து வைத்தவர் சோதிடர் அபே நோ செய்மெய்; சாபத்தைத் திசைதிருப்பித் தம்பதியைக் காப்பதற்காக. ஆணி அறைய மட்டும்தான் பொம்மை என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஊர்ச் சடங்கு என்றதும் கிராமமே கூடி அந்நியனைப் பலி கொடுப்பதாக எழுதுவது இப்போது ஒரு நோயாகப் பரவியிருக்கிறது. நிஜமான சடங்குகள் அதைவிடச் சுவையானவை. சைத்தோ சனேமோரி என்ற வீரர் எழுபதைத் தாண்டிய வயதில், கிழவன் என்று எதிரி இளக்காரம் செய்யக் கூடாதென்று நரைமுடிக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு 1183-இல் ஷினோஹரா போருக்குப் போனார். வெட்டுண்ட தலையைக் கழுவிய பிறகுதான் வெண்முடி வெளிப்பட்டு, அவர் யாரென்று எதிரிக்கே உறுதியானது. வரலாற்றுக் காவியம் இதோடு விட்டுவிடுகிறது, உழவர்கள் விடவில்லை. அவருடைய குதிரை அறுவடை முடிந்த வயலின் நெற்தாளில் இடறியதால்தான் அவர் மாண்டார், அந்த ஆத்திரத்தில் பயிரைத் தின்னும் பூச்சியாகப் பிறந்தார் என்று சேர்த்துக்கொண்டார்கள். நம் விவசாயிகள் புகையான் என்று சொல்கிறார்களே, அந்த இனத்துப் பூச்சி. மேற்கு ஜப்பானின் பல ஊர்களில் சனேமோரியின் பெயரில் வைக்கோல் பொம்மை கட்டி, தீவட்டியும் மேளமுமாக வயல் வரப்புகளில் சுமந்துபோய் ஊர் எல்லையில் எரிப்பார்கள் அல்லது ஆற்றில் விடுவார்கள். கோபக்காரரைப் பகைத்துக்கொள்ளாமல் வழியனுப்பி வைக்கும் ஏற்பாடு இது. தலைநகரிலும் இதே போக்குதான். நாடுகடத்தப்பட்டு 903-இல் இறந்த அமைச்சர் சுகவாரா நோ மிச்சிசானேயின் கோபம்தான் 930-இல் அரண்மனையில் இடியாக விழுந்தது என்று நம்பி, அவருக்குக் கோயில் கட்டினார்கள். இன்று தேர்வு எழுதும் மாணவர்கள் வேண்டிக்கொள்ளும் தெய்வம் அவர்தான்.

ஓபோன் பண்டிகையைப் பேய்கள் வேட்டையாடும் இரவாக எழுதாதீர்கள். வீட்டுக்கு வரும் முன்னோர்களுக்கு விளக்கேற்றி, அவர்கள் வேகமாக வர வெள்ளரிக்காயில் குதிரையும் நிதானமாகத் திரும்பக் கத்தரிக்காயில் மாடும் செய்துவைக்கும் நாட்கள் அவை.

ஜப்பானியப் பேய்க்குக் கால் கிடையாது என்பதும் பாதி உண்மையே. ஓவியர் மருயாமா ஒக்கியோவின் பெயரால் வழங்கும் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியம் அந்தத் தோற்றத்தைப் பிரபலமாக்கியது. ஆனால் பியோனிப்பூ விளக்கோடு காதலனைத் தேடி வரும் ஒட்சுயு என்ற கதைப் பேய், மரச்செருப்பு ஒலிக்க நடந்துதான் வருகிறாள். ஒலி வேண்டுமா, மிதப்பு வேண்டுமா என்று முடிவு செய்துகொண்டு எழுதுங்கள்.

அட்டைப்படம் வரைவோருக்கும் ஒரு செய்தி. கிமோனோவில் உடுத்தியவரின் இடப்பக்கத் துணி மேலே வந்தால் அவர் உயிரோடிருப்பவர், வலப்பக்கம் மேலே வந்தால் பிணம். படத்தை இடவலமாகத் திருப்பி அச்சடித்தால் கதாநாயகி முதல் பக்கத்திலேயே செத்துப்போவாள். அச்சுக்கு அனுப்பும் முன் பார்த்துவிடுங்கள்.