புதிய மனநல ஆலோசகருக்கு மேற்பார்வை அளிப்பது எப்படி

படிப்பை முடித்து வந்த ஆலோசகர் தனியே அமர்ந்து பிறர் துயரைக் கேட்கத் தொடங்கும் முதல் ஆண்டில், மேற்பார்வையாளர் வாரத்தில் ஒரு மணி நேரத்தையாவது அவருக்கென நிலையாக ஒதுக்க வேண்டும். நேரம் கிடைக்கும்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், அது அநேகமாக நடப்பதில்லை.

அவர் நினைவிலிருந்து சொல்வதை மட்டும் நம்பியிருக்காமல், ஆலோசனைக்கு வந்தவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு எடுத்த ஒலிப்பதிவில் ஒரு பகுதியைச் சேர்ந்து கேளுங்கள். 1960-களில் அமெரிக்க உளவியலாளர் நார்மன் ககன் உருவாக்கிய முறையில், பதிவை எங்கே நிறுத்துவது என்பதைப் பயிற்சி பெறுபவரே தீர்மானிப்பார். "கணவர் இறந்த நாளைப் பற்றி அந்த அம்மா சொன்னதுமே, தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்களே, அப்போது உங்கள் மனத்தில் என்ன ஓடியது?" என்று கேட்டால், பெரும்பாலும் மௌனத்தைத் தாங்க முடியாத பதற்றமே காரணமாக வெளிப்படும். அதைக் குற்றமாகக் காட்டாமல், அதே இடத்தை இருவரும் நடித்துப் பாருங்கள். புதிய ஆலோசகரின் சொந்தத் துக்கம் கிளறப்பட்டால், அதற்கு வேறொரு ஆலோசகரிடம் அனுப்புவதே முறை. மேற்பார்வையாளரே சிகிச்சையில் இறங்கக் கூடாது.

ஆலோசனைக்கு வந்தவரிடம் தற்கொலை எண்ணம் தெரியவந்தால் வாராந்திரச் சந்திப்புவரை காத்திராமல் உடனே உங்களை அழைக்கச் சொல்லுங்கள். இந்தியாவில், குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் புகாரளிப்பதை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயமாக்கியிருப்பதால், ரகசியக் காப்பின் எல்லையை முதல் வாரத்திலேயே விளக்கிவிடுங்கள்.