கோடையில் ரோம்: பாட்டியோடும் குழந்தையோடும் சுற்றிப் பார்ப்பது எப்படி?

சென்னை வெயிலில் வளர்ந்தவர்களை ஐரோப்பிய வெயில் என்ன செய்துவிடும் என்ற நினைப்போடுதான் ஜூலையில் ரோமில் இறங்கினோம். இரண்டாம் நாள் உச்சிவேளையில், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரத்தின் இடிபாடுகளுக்கு நடுவே, எழுபது வயது அம்மாவுக்குத் தலை சுற்றியது. கைத்தாங்கலாக அவரைப் பிடித்துக்கொண்டு நிழல் தேடி அலைந்த அந்தப் பத்து நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஊரில் நாம் நண்பகலில் நடப்பதே இல்லை, ஆட்டோவில் ஏறிவிடுகிறோம். ரோமிலோ காலையிலிருந்து சூடேறிய கருங்கல் பாதையில் மணிக்கணக்காக நடக்க வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்ட முறையை, முதல் முறை போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: நடுவூரில் தங்குங்கள்

மதியம் அறைக்குத் திரும்பியாக வேண்டும். அதனால் புறநகரில் மலிவாகக் கிடைக்கும் வீடு இந்தப் பருவத்துக்கு உதவாது. தெர்மினி ரயில் நிலையத்துக்கும் கொலோசியத்துக்கும் இடையே உள்ள மோந்தி பகுதி எனக்குப் பிடித்தது. கவூர் மெட்ரோ நிலையம் அங்கேயே இருக்கிறது. பழைய கட்டடங்கள் நிறைந்த ஊர் என்பதால் ஏசி உண்டா, லிஃப்ட் உண்டா என்று இரண்டையும் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

படி 2: டிக்கெட்டை நேரம் பார்த்து வாங்குங்கள்

கொலோசியத்துக்கு முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்யுங்கள். காலையின் முதல் நேரத்தைத்தான் பிடிக்க வேண்டும். பதினொரு மணி டிக்கெட் கிடைக்கிறது என்றால் அந்த நாளையே மாற்றிவிடுங்கள். டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் அவர்களுக்கும் பதிவு வேண்டும்.

வத்திக்கானில் புனித பேதுரு பேராலயம் காலை 7 மணிக்கே திறக்கிறது, அனுமதி இலவசம். சோதனைக்கான வரிசை திறந்த சதுக்கத்தில் நிற்பதால், ஏழு மணிக்குப் போவதற்கும் பத்து மணிக்குப் போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம்.

படி 3: ஒவ்வொரு நாளையும் இரண்டாக வெட்டுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். காலை ஆறரைக்குக் கிளம்பி பதினொன்றரைக்குள் வெளிப்புற இடங்களை முடியுங்கள். பிறகு சாப்பாடு, அறை, தூக்கம். மாலை ஐந்தரைக்கு மேல் மறுபடி கிளம்பலாம். ஜூலையில் சூரியன் மறைய இரவு எட்டரை ஆகிவிடும். எனவே மாலையில் மூன்று மணி நேர வெளிச்சம் கைவசம் இருக்கிறது. இவ்வளவு செலவு செய்து வந்து தூங்குவதா என்று மனம் கேட்கத்தான் செய்யும். தூங்குங்கள்.

அறை தூரமென்றால் குளிர்ந்த கல் கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள். கொலோசியத்திலிருந்து சில நிமிட நடையில் சான் கிளெமெந்தே கிறிஸ்தவ ஆலயம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டுக் கோயிலுக்குக் கீழே 4ஆம் நூற்றாண்டுக் கோயில், அதற்கும் கீழே பழைய ரோமானியக் கட்டடங்களும் ரோமானியர் வணங்கிய மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டுக் கூடமும். இறங்க இறங்கக் குளிர்ச்சி ஏறுகிறது. அடித்தளத்தில் நீர் ஓடும் ஓசையைக் கேட்டு எங்கள் மகள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். நிலத்தடிப் பகுதிக்குத் தனி டிக்கெட் உண்டு, படிகள் ஈரமாக இருக்கும்.

படி 4: தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள்

ரோம் முழுவதும் சுமார் 2,500 தெருக்குழாய்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. வளைந்த குழாய் பெரிய மூக்கைப் போல இருப்பதால் ‘நாசோனி’ என்று பெயர். 1870களில் வைக்கத் தொடங்கியவை. நல்ல குடிநீர், சில்லென்று இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் பீய்ச்சும், நேராகக் குடிக்கலாம். குழந்தைக்கு இதை ஒருமுறை காட்டிவிட்டால் போதும், “தண்ணீர் குடி” என்று சொல்லவே வேண்டியிருக்காது.

ஆளுக்கு ஒரு பாட்டில், ஒரு பருத்தித் துண்டு. துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஆலயத்துக்குள் அதுவே தோளையும் மூடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

படி 5: உடல் சொல்வதைக் கேளுங்கள்

தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்றால் உடனே நிழலுக்குப் போய்ப் படுக்க வைத்து, உடலை நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ காத்திருக்காமல் 112 எண்ணை அழையுங்கள். பெரியவர்கள், நம் பயணம் கெட்டுவிடுமே என்று சொல்லாமல் பொறுத்துக்கொள்வார்கள். என் அம்மாவும் அரை மணி நேரம் பொறுத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார். அதனால் மணிக்கொரு முறை நீங்களே கேளுங்கள்.

படி 6: இரவை நவோனாவுக்கு வையுங்கள்

பஸ்ஸிலும் மெட்ரோவிலும் 10 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் பக்கம் இறங்கி, சில நிமிடம் நடந்தால் நவோனா சதுக்கம். நடுவில் சிற்பி பெர்னினி வடிவமைத்த நான்கு நதிகளின் நீரூற்று, 1651இல் முடிந்தது. நைல், டான்யூப், பிளாட்டா, நான்காவது நம் கங்கை. கையில் நீண்ட துடுப்போடு சாய்ந்திருக்கும் அந்தத் தாடிக்கார உருவத்தை மகள்தான் முதலில் கண்டுபிடித்துப் பாட்டிக்குக் காட்டினாள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, சூடு ஆறியிருந்த கல்லின் மேல் நின்று கும்பிட்டார்.