நாலாயிரத்துக்கு ஐந்து குறைவு: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை வைப்பது எப்படி

ஒன்பது ஆண்டுகள் ஓட்டிய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை 2024 ஏப்ரலில் விற்றேன். இங்கிலாந்தில் ரெடிங் நகரில் மருந்தாளுநராக இருக்கிறேன். கார் 2008ஆம் ஆண்டுடையது. இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஆறு கியர், துணிக் கூரை, இரண்டே இருக்கை. முதல் குழந்தை வரை எப்படியோ சமாளித்தோம். இரண்டாவதும் பிறந்த பிறகு, வீட்டில் நாலு பேர், காரில் இரண்டு இடம் என்ற கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் சரிவரவில்லை.

விற்க முடிவு செய்த அன்று என் மனதில் இருந்த விலை 5,500 பவுண்டு. "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கணவர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். 2015இல் 6,800 கொடுத்து வாங்கியது, கிளட்ச் மாற்றியது, சத்தம் நன்றாக இருக்கும் என்று 600 பவுண்டுக்குப் போட்ட எக்ஸாஸ்ட், வேல்ஸ் மலைப்பாதைகளில் கூரையைத் திறந்துகொண்டு போன நாட்கள், எல்லாம் சேர்ந்து அந்த எண்ணாகியிருந்தன. வாங்க வருபவருக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. ஆகவே முதல் வேலை அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ஓரமாக வைப்பது. அழித்துவிடச் சொல்லவில்லை. கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

அடுத்தது அடிமட்ட விலையைத் தெரிந்துகொள்வது. காரின் எண்ணைக் கொடுத்தால் உடனே விலை சொல்லும் நிறுவனங்கள் இங்கே பல உண்டு. ஒன்றில் கேட்டேன். இணையத்தில் 2,600 என்றார்கள். நேரில் கொண்டுபோனதும், கீறல்களை எண்ணிக்கொண்டே 2,150க்கு இறக்கினார்கள். கோபம் வந்தது, ஆனால் பயனும் இருந்தது. எந்தத் தொந்தரவும் இல்லாமல், அன்றைக்கே, கண்ணை மூடிக்கொண்டு விற்றால் கிடைப்பது அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது. இனி நான் எடுக்கும் ஒவ்வொரு சிரமமும் அதற்கு மேல் எவ்வளவு தருகிறது என்று கணக்கிடலாம்.

விற்பதற்கு ஒன்றரை மாதம் முன்பே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். என் காரைப் போன்றவை என்று தோன்றிய விளம்பரங்களையெல்லாம் குறித்ததில் முப்பத்தொன்று தேறின. பிறகு என் காரோடு பொருந்தாதவற்றைச் சலித்து நீக்க ஆரம்பித்தேன். இப்படிச் சலித்தெடுப்பதில் அவசரப்பட்டால் மற்ற எல்லாக் கணக்கும் தவறும். 1989இல் தொடங்கி எம்எக்ஸ்-5 நான்கு தலைமுறைகளாக வந்திருக்கிறது. என்னுடையது மூன்றாவது, 2005 முதல் 2015 வரை செய்தது. அந்தத் தலைமுறைக்குள்ளேயே நடுவில் ஒரு முறை முகத்தை மாற்றினார்கள். இரண்டு லிட்டர் எஞ்சினும் நிமிடத்துக்கு 7,500 சுழற்சி வரை போகும்படி பலப்படுத்தப்பட்டது. அந்தக் கார்களுக்கு மவுசு கூடுதல் என்பதால் அவற்றை எடுத்துவிட்டேன். 1.8 லிட்டர் எஞ்சின் உள்ளவை வேறு சந்தை. பொத்தானை அழுத்தினால் மடங்கும் கடினக் கூரை உள்ளவையும் வேறு சந்தை. குளிர்காலத்துக்கு அஞ்சுகிறவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். விபத்தில் சிக்கி, காப்பீட்டு நிறுவனம் கைவிட்டு, பிறகு பழுது பார்க்கப்பட்ட கார்கள் இங்கே 'கேட் எஸ்', 'கேட் என்' என்று பதிவாகியிருக்கும். மலிவாகத் தெரிந்த நான்கு கார்கள் அந்த வகை. அவற்றோடு நம் காரை ஒப்பிட்டுக் கலங்க வேண்டியதில்லை.

வணிகர்கள் விற்கும் கார்களை நீக்க வேண்டாம். ஆனால் வேறு கண்ணால் படியுங்கள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வணிகரிடம் வாங்கிய காரில் பழுது இருந்தால் முப்பது நாட்களுக்குள் திருப்பித் தந்துவிடலாம். என்னைப் போன்ற தனிநபரிடம் வாங்குபவருக்கு அந்த வசதி இல்லை. சொன்னபடி கார் இருக்க வேண்டும், அவ்வளவே. என் குறிப்பில் வணிகர்களின் விலை, அதே தரமுள்ள தனிநபர் காரைவிட எழுநூறு முதல் ஆயிரம் பவுண்டு வரை அதிகமாக இருந்தது. அந்த வித்தியாசம் அவர் தரும் பாதுகாப்புக்கு உரியது. அதை நானும் கேட்பது நியாயமில்லை.

சலித்து முடித்தபோது ஒன்பது தனிநபர் கார்கள் மிஞ்சின. விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலைதான், விற்ற விலை அல்ல என்பதால் எது எப்போது காணாமல் போகிறது என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்த்தேன். ஆறு கார்கள் இரண்டு வாரத்துக்குள் மறைந்தன. அவற்றின் விலை 4,200 முதல் 4,800 வரை. 5,250, 5,495, 5,900 என்று இருந்த மூன்றும் ஒன்றரை மாதமும் அசையவில்லை. புதிதாக விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றைப் பார்த்துத்தான் தங்கள் விலையை வைக்கிறார்கள், ஏனென்றால் எப்போது தேடினாலும் கண்ணில் படுபவை அவைதான். நல்ல கார்கள் விற்றுப் போய்விட்டதால் தெரிவதில்லை. இணைய ஏலத் தளங்களில் முடிந்த விலையே தெரியும். உங்கள் கார் போன்றது அங்கே ஏறியிருந்தால் அதுதான் உறுதியான சான்று.

ஆக, எழுபதாயிரம் மைலை ஒட்டி ஓடிய, குறையில்லாத ஒரு காருக்கு 4,500 என்று எழுதிக்கொண்டேன். என் கார் 68,000 மைல் ஓடியிருந்தது. ஆனால் குறையில்லாதது அல்ல.

அப்பா பொள்ளாச்சிப் பக்கம் விவசாயி. சின்ன வயதில் அவரோடு மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். தரகர்கள் துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. அப்பா மாடு விற்கப் போகும் முந்தின நாள், வாங்க வந்தவர் போலத் தன் மாட்டையே சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பார். "நாளைக்கு அவன் கண்டுபிடிக்கப் போவதை இன்றைக்கே நாம் பார்த்துவிடுவோம், கண்ணு" என்பார். காருக்கு அதைத்தான் செய்தேன். எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் நாற்பது பவுண்டு கொடுத்து, காரைத் தூக்கி நிறுத்தி, "நீங்கள் வாங்குவதாக இருந்தால் எதைச் சொல்லி விலையைக் குறைப்பீர்கள்?" என்று கேட்டேன். மனிதர் மிகவும் மகிழ்ச்சியாகச் சொல்லத் தொடங்கினார்.

எம்எக்ஸ்-5க்குத் துரு பிடிக்கும் இடம் ஊரறிந்தது. கூரைத் துணியில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள வடிகால் துளைகள் வழியே இறங்கும். இலை தழை அடைத்துக்கொண்டால் நீர் தேங்கும். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் கீழிருந்து சேரும். கதவுக்குக் கீழே ஓடும் சட்டம் பின்சக்கர வளைவைத் தொடும் இடத்தில் பெயின்ட் கொப்பளிக்க ஆரம்பிக்கும். என் காரில் இடப்புறம் ஐம்பது காசு நாணயத்தின் அளவுக்கு ஒரு கொப்பளம். சரிசெய்ய 450 பவுண்டு என்றார். கூரைத் துணி மடிப்பில் தேய்ந்து, இன்னும் கிழியாத ஓர் இடம். முன்சக்கர பிரேக் தட்டை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் ஒன்று இறுகிப் பிடித்தது, அதற்கு 160.

இதில் எதைச் சரிசெய்து விற்பது, எதை விலையில் குறைப்பது? பாதுகாப்பைத் தொடுவதையும், ஓட்டிப் பார்க்கும்போது தெரிவதையும் சரிசெய்துவிட வேண்டும். காலிப்பரை மாற்றினேன், உடனே ஆண்டுத் தகுதிச் சோதனையான எம்.ஓ.டி.யையும் புதிதாக எடுத்தேன். அதற்கு அதிகபட்சக் கட்டணமே 54.85 பவுண்டுதான். பன்னிரண்டு மாதச் சான்று கையில் இருக்கும் காருக்கும் அடுத்த மாதம் முடியப்போகும் சான்றுக்கும் உள்ள வித்தியாசம் இந்தத் தொகையைவிடப் பல மடங்கு. துருவை மட்டும் தொடவில்லை. விற்பதற்கு முன்னால் புதிதாகப் பெயின்ட் அடித்த சட்டத்தைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும். அடியில் இருப்பது பள்ளத்தை நிரப்பும் பசையா, இரும்பா என்று யாருக்குத் தெரியும்? சின்னக் கொப்பளம் வெளிப்படையாகத் தெரிவது மேல். அதற்கு 400, கூரைத் துணிக்கு 200 என்று கழித்தேன்.

கூட்டுவதற்கும் சில இருந்தன, நாம் நினைப்பதைவிடக் குறைவாக. சர்வீஸ் புத்தகத்தில் ஒவ்வோர் ஆண்டும் முத்திரை, எல்லா ரசீதும் ஒரு கோப்பில்: இந்தக் காரின் ஆரம்பகால எஞ்சின்களில் ஆயில் அளவு குறைவதைக் கவனிக்காமல் விட்டால் பெரிய செலவு வரும் என்பதால், விவரம் தெரிந்தவர் இந்தக் கோப்பைத்தான் முதலில் கேட்பார். நான்கு டயரும் ஒரே நல்ல நிறுவனத்தினுடையவை, இரண்டு புதியவை. எல்லாவற்றுக்கும் சேர்த்து நூறு பவுண்டு கூட்டினேன். டயருக்குக் கொடுத்ததே அதைவிட அதிகம். பரவாயில்லை. தேய்ந்த டயர் என்றால் முன்னூறு கழித்திருப்பார்கள். நல்ல டயர் அந்தக் கழிவைத் தடுக்கிறது, அவ்வளவுதான்.

உடன் வேலை செய்யும் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அவரிடம் பழைய போர்ஷே பாக்ஸ்டர் இருந்தது, 986 என்கிற முதல் தலைமுறை. அந்த எஞ்சினில் ஐ.எம்.எஸ். பேரிங் என்ற ஒன்று உடைந்தால் எஞ்சினே போய்விடும் என்பது பாக்ஸ்டர் வாங்க நினைக்கும் எல்லாருக்கும் தெரியும். அவர் பெரும் செலவில் அதை மாற்றியிருந்தார். அந்தச் செலவை அப்படியே விலையின் மேல் ஏற்றினார். மாற்றாத காருக்குத்தான் அது கழிவு. மாற்றிய கார் சந்தை விலைக்கு வந்து நிற்கிறது. அவர் மே மாதம் விளம்பரம் போட்டு, மாதத்துக்கு நூறு பவுண்டாகக் குறைத்து, கூரை திறக்கும் கார் யாருக்கும் தோன்றாத நவம்பரில், முதலிலேயே கேட்டிருக்கக்கூடிய நியாய விலையைவிடக் குறைவாகக் கொடுத்தார். இன்றும் பேரிங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

என் 600 பவுண்டு எக்ஸாஸ்டுக்கும் அதே கதிதான். கொட்டகையில் கிடந்த பழைய சைலன்சரை மறுபடி மாட்டி, எக்ஸாஸ்டைத் தனியாக 170க்கு விற்றேன். காரோடு விட்டிருந்தால் ஒரு பவுண்டும் கூடியிருக்காது. சத்தம் பிடிக்காதவர்கள் இரண்டு பேர் வராமல் போயிருப்பார்கள். கழற்றிய அசல் பாகங்களைத் தூக்கி எறியாதீர்கள்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. இந்த நாட்டில் மார்ச் கடைசியில் வெயில் அடிக்கும் முதல் சனிக்கிழமை, பாதி ஊருக்குத் திறந்த கார் ஆசை வந்துவிடும். விளம்பரத்தை அதற்கு முந்தின வியாழக்கிழமை போடுங்கள். இடத்துக்கும் விலை உண்டு. லண்டனின் புகைக் கட்டுப்பாட்டு எல்லை 2023 ஆகஸ்ட் 29 முதல் மாநகரின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்தது. யூரோ 4 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்தை எட்டாத பழைய பெட்ரோல் கார்கள் உள்ளே ஓடினால் நாளுக்கு 12.50 பவுண்டு. என் கார் அந்தத் தரத்தை எட்டியது. ரெடிங்கிலிருந்து லண்டன் பக்கம்தான் என்பதால் விளம்பரத்தின் இரண்டாவது வரியிலேயே அதைச் சொன்னேன்.

கணக்கு இப்படி முடிந்தது: 4,500இல் 600 போக 3,900, நூறு கூட்டினால் 4,000. பேரத்துக்கு ஐந்நூறு ஏற்றி வைக்கச் சொன்னார்கள் நண்பர்கள். நான் செய்யவில்லை. வாங்குபவர் தேடும்போது 'நாலாயிரம் வரை' என்று வடிகட்டுவார். 4,500 என்றால் அவர் கண்ணிலேயே பட மாட்டோம். அந்த விலைக்குத் தேடுபவரோ கொப்பளம் இல்லாத காரை எதிர்பார்த்து வருவார். 3,995 என்று வைத்தேன். மனதுக்குள் 3,800 என்று கடைசி விலையைக் குறித்துக்கொண்டேன்.

விளம்பரத்தில் கொப்பளத்தையும் தேய்ந்த துணியையும் கிட்டத்தில் படமெடுத்துப் போட்டு, 'இவை விலையில் கழிக்கப்பட்டுள்ளன' என்று எழுதினேன். இந்த ஒரு வரிதான் எனக்கு மிக அதிகமாக உழைத்தது. இங்கே காரின் எண்ணை அரசுத் தளத்தில் இட்டால் பழைய எம்.ஓ.டி. முடிவுகள், ஒவ்வோர் ஆண்டின் மைல் கணக்கு, சோதனையாளர் எழுதிய எச்சரிக்கைகள் எல்லாம் இலவசமாகத் தெரியும். இரண்டு ஆண்டுக்கு முன் ஒருவர் 'லேசான துரு' என்று எழுதியிருந்தார். மறைத்து என்ன பயன்?

போட்ட முதல் மணி நேரத்திலேயே பத்துப் பேர் அழைத்தால் விலை குறைவாகிவிட்டது என்று பொருள். அப்போதும் சொன்ன விலையை ஏற்றாதீர்கள், ஒரு பைசாவும் குறைக்காமல் இருங்கள். பத்து நாள் நல்ல வெயிலிலும் யாரும் அழைக்கவில்லை என்றால், ஐம்பது ஐம்பதாகக் கிள்ளாமல் ஒரே முறை முன்னூறு குறையுங்கள். எனக்கு நான்கு நாளில் ஏழு பேர். அதில் மூவர் காரைப் பார்க்காமலே "கடைசி விலை என்ன?" என்று குறுஞ்செய்தி அனுப்பியவர்கள். பதில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் அறுபதைத் தாண்டிய தச்சர். பாயும் டார்ச்சும் கொண்டுவந்திருந்தார். நேராகப் போய்க் கொப்பளத்தின் முன் படுத்து, விரல் நகத்தால் தட்டிப் பார்த்து, எழுந்து, "நீங்கள் சொன்ன அளவுதான்" என்றார். ஓட்டிப் பார்த்தார். ரசீதுக் கோப்பைக் கால் மணி நேரம் புரட்டினார். 3,750 என்றார். "துருவையும் துணியையும் ஏற்கெனவே கழித்துவிட்டேன், வேறு ஏதாவது கண்டீர்களா?" என்று கேட்டேன். யோசித்து, ஓட்டுநர் பக்க இருக்கைத் துணியில் இருந்த ஒரு பொத்தலைக் காட்டினார். நான் கவனிக்காதது. 3,850க்கு முடிந்தது. பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுத்தேன். உரிமை மாற்றத்தை அவர் முன்னாலேயே இணையத்தில் பதிவு செய்தேன்.

அன்றிரவு அப்பாவை அழைத்துச் சொன்னேன்.

"கேட்டது எவ்வளவு, கண்ணு?"

"3,995."

"அப்படியென்றால் துண்டே தேவைப்படவில்லையே" என்றார்.